இடித்தலும் இருக்க விடுதலும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டுவதன் அருமையும் அயர்ச்சியும் அறிந்தோரின் வாக்கு அது. "இடித்துப் பார்" என்று மட்டும் எவரும் சொல்லி வைக்கவில்லை. இடிப்பதற்கு அத்தகைய அருமை ஏதும் வேண்டியதில்லை என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நம் காலத்திலோ, ஒரு நகரம் வளர்கிறது என்பதற்கு அங்கே எழும் கட்டடங்களைப் போலவே விழும் கட்டடங்களும் சான்றாகின்றன. நாற்பது ஆண்டு கண்ட ஒரு கட்டடத்தைப் 'பழையது' என்கிறோம். அந்த ஒரு சொல்லே குற்றச்சாட்டாகவும் தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது.

கட்டடக்கலை உலகில் அண்மை ஆண்டுகளில் கூர்மையடைந்துள்ள விவாதங்களுள் ஒன்று இதைப் பற்றியதே. எந்தப் பாணியில் கட்டுவது என்னும் பழைய வாதத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இருப்பதை இடிக்கலாமா என்னும் வினா முன்னுக்கு வந்திருக்கிறது. பொறியாளர் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். வணிகர் வேறொரு கணக்குச் சொல்கிறார். சூழலியலார் மற்றொரு கணக்குச் சொல்கிறார். இக்கணக்குகள் அனைத்திற்கும் அடியில் ஓர் அறநெறி வினா கிடக்கிறது. பிறர் உழைப்பால் எழுந்து, பிறர் வாழ்வால் நிறைந்த ஒன்றை அழிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? பட்டா நம் பெயரில் இருப்பதனால் மட்டும் அது வந்துவிடுகிறதா?

ஒன்றும் செய்யாத திட்டம்

பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் லெயோன் ஒகோக் என்னும் பெயருடைய சிறு பொதுத்திடல் ஒன்று உண்டு. சுற்றிலும் எளிய வீடுகள். நடுவே நிழல் தரும் மரங்கள். அமர்வதற்குச் சில இருக்கைகள். முதியோர் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவதற்குச் சற்று வெற்றிடம். 1996ஆம் ஆண்டில் இத்திடலை அழகுபடுத்தித் தருமாறு நகராட்சியினர் கட்டடக் கலைஞர் இருவரைக் கேட்டுக்கொண்டனர். ஆன் லகத்தோன், ழான் பிலிப் வசால் என்பது அவர்கள் பெயர். அவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன் திடலுக்குச் சென்று அமர்ந்தனர். அங்கு வாழ்வோரிடம் பேசினர். பிறகு தம் முடிவைத் தெரிவித்தனர். திடல் ஏற்கெனவே அழகாக இருக்கிறது. மரங்களைப் பேணுங்கள், சரளை மண்ணை மாற்றுங்கள், அடிக்கடி துப்புரவு செய்யுங்கள், வண்டிப் போக்குவரத்தைச் சிறிது ஒழுங்குபடுத்துங்கள். வேறொன்றும் செய்ய வேண்டா என்பதே அவர்கள் அளித்த திட்டம்.

இதனைச் சோம்பல் என்று கருதுவார் உளர். சற்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கட்டுவதற்கு ஊதியம் பெறுவோர், கட்ட வேண்டா என்று சொல்வது எளிதன்று. மருத்துவர் ஒருவர் நோயில்லாதவரை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "உமக்கு மருந்து வேண்டா, நேரத்திற்கு உண்டு உறங்கும்" என்று சொல்லி அனுப்புவதற்கு ஒப்பானது இது. தம் பெயரைக் கல்லில் பொறிக்கும் வாய்ப்பை அவர்கள் தாமாகவே துறந்தனர். எங்கு கை வைக்கக்கூடாது என்று அறிவதும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

இவ்விருவரின் மனப்பாங்கு உருவானதில் ஆப்பிரிக்க மண்ணுக்கும் பங்குண்டு. வசால் தம் இளமையில் நைசர் நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றினார். லகத்தோன் அங்கு வந்து செல்வார். பாலைநிலத்தின் ஏழை மக்கள் கைக்கெட்டிய கொம்பையும் துணியையும் தகரத்தையும் கொண்டு, எதையும் வீணாக்காமல் வாழ்விடம் அமைக்கும் திறத்தை அங்கே அவர்கள் கண்டனர். கொம்புகளாலும் வைக்கோலாலும் இருவரும் சேர்ந்து அங்கே அமைத்த முதற் குடிசையை இரண்டே ஆண்டுகளில் காற்று கொண்டு போயிற்று. ஏழ்மையிடம் பாடம் கற்றோர் பின்னாளில் செல்வ நாட்டின் ஏழைகளுக்கு வீடு திருத்தியது தற்செயல் அன்று என்றே தோன்றுகிறது.

இரண்டு இலட்சம் வீடுகள்

2003ஆம் ஆண்டில் பிரான்சு அரசு நகர்ப்புறச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிலாளர்க்காக எழுப்பப்பட்ட அடுக்குக் குடியிருப்புகளில் 2 இலட்சம் வீடுகளை இடிப்பதும் அதன் இலக்குகளுள் ஒன்று. அவை அழகற்றவை, குற்றங்களின் உறைவிடம் என்னும் கருத்து அங்கே வேரூன்றியிருந்தது. லகத்தோனும் வசாலும் பிரெதெரிக் துருவோ என்னும் மற்றொரு கலைஞரோடு சேர்ந்து 2004இல் இதற்கு மாற்றாக ஓர் ஆய்வை முன்வைத்தனர். இடிக்காதீர், குறைக்காதீர், இருப்பதோடு கூட்டுங்கள் என்பது அதன் சாரம். ஒரு வீட்டை இடித்துக் கட்டும் செலவில் இரண்டு மூன்று வீடுகளை மேம்படுத்திவிடலாம் என அவர்கள் வாதிட்டனர்.

இச்சொல்லைச் செயலில் காட்டும் வாய்ப்புப் போர்தோவிலேயே வாய்த்தது. அங்கே கிரான் பார்க் என்னும் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மூன்று பெரும் அடுக்குமாடிகள். அவற்றில் 530 குடும்பங்களுக்கான வீடுகள். இவர்கள் பழைய கட்டடத்தின் முகப்புக்கு வெளியே, தரையிலிருந்து தாமே நிற்கும் புதிய அடுக்குகளை ஒட்ட வைத்தாற்போல் எழுப்பினர். முன்பே வார்த்துக் கொணர்ந்த கான்கிரீட்டுப் பலகைகளைப் பளுதூக்கி கொண்டு அடுக்கினர். அதன்பின், சிறு சாளரங்கள் இருந்த பழைய வெளிச்சுவரை நீக்கிக் கண்ணாடிக் கதவுகளைப் பொருத்தினர். இவ்வாறு ஒவ்வொரு வீட்டிற்கும் 3.8 மீட்டர் ஆழமுள்ள ஒளிமிக்க தாழ்வாரம் ஒன்று கிடைத்தது. குளிர்காலத்தில் அத்தாழ்வாரம் வெயிலின் வெப்பத்தைச் சேர்த்து வைத்து வீட்டைக் காக்கும். கோடையில் கண்ணாடிகளைத் திறந்துவிட்டால் காற்று உலவும்.

ஒரு வீட்டிற்கான பணி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முடிந்தது. அக்காலம் முழுவதும் குடியிருந்தோர் தம் வீட்டிலேயே இருந்தனர். எவரும் மூட்டை கட்டவில்லை. பணி முடிந்தபின் வாடகை உயர்ந்து எவரும் வெளியேறவும் நேரவில்லை. 2017இல் நிறைவெய்திய இப்பணிக்கு 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ பரிசு கிட்டியது. 2021இல் கட்டடக்கலைக்குரிய உயரிய பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசு லகத்தோனுக்கும் வசாலுக்கும் வழங்கப்பட்டது. வானளாவிய கோபுரங்களை எழுப்பியோரைப் பெரிதும் போற்றி வந்த அப்பரிசு, இடிக்க மறுத்தோரைத் தேடி வந்ததைக் காலத்தின் குறி என்றே நாம் கொள்ளலாம்.

சுவர்மேல் சுமத்தப்படும் பழி

இடிக்கும் ஆவல் ஏன் மனிதரை இவ்வளவு எளிதில் பற்றிக்கொள்கிறது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்ந்ததொன்று இதற்கு விடை காண உதவும். மினோரு யமசாகி என்னும் கலைஞர் வடிவமைத்த புரூயிட்-ஐகோ குடியிருப்பில், பதினொரு மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் இருந்தன. 1954இல் ஏழைக் குடும்பங்கள் அங்கே குடியேறத் தொடங்கின. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே, 1972இல், அரசு அவற்றை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கியது. 1976க்குள் அனைத்தும் தரைமட்டமாயின. புதிய கட்டடக்கலை அன்றே இறந்தது என்று எழுதியவர்களும் உண்டு.

ஆயினும் அங்கே நடந்தது என்ன? பராமரிப்புச் செலவை ஏழைகளின் வாடகையிலிருந்தே ஈட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நகரத்தில் மக்கள்தொகை குறைந்தது, வேலைவாய்ப்பு சுருங்கியது, வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர், கறுப்பின மக்கள் தனித்து விடப்பட்டனர். வாடகை குறையக் குறைய மின்தூக்கிகள் பழுதடைந்தன, குழாய்கள் உடைந்தன, பழுது நீக்க நிதியில்லை. இத்தனை மனிதக் குறைகளையும் வரிசைப்படுத்தி ஆராய்வது கடினம். ஒரு கட்டடத்தின்மேல் பழியைப் போடுவது எளிது. சுவருக்கு வாயில்லை, அது மறுத்துப் பேசாது. வெடிமருந்தின் புகையோடு நம் பொறுப்பும் கலைந்து போய்விடுகிறது. பழங்காலத்தில் ஊராரின் பாவத்தையெல்லாம் ஓர் ஆட்டின் தலையில் சுமத்திப் பாலைநிலத்திற்கு ஓட்டிவிட்ட வழக்கம் நம் நினைவுக்கு வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

இடிப்பதற்கு மற்றொரு விலையும் உண்டு. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக் கல்லைப் பெருவெப்பத்தில் சுட வேண்டும். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லுக்குள் உறைந்திருந்த கரியமில வாயுவும் அப்போது வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலிலிருந்தே வருகிறது. நிற்கின்ற ஒரு கட்டடம் அச்செலவை ஏற்கெனவே செய்து முடித்த ஒன்று. அதை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அதே செலவை மீண்டும் செய்கிறோம். அதன் கடனை அடைக்கப் போகிறவர்களோ நம் பேரப் பிள்ளைகள்.

இலண்டனின் ஆக்ஸ்போர்டு தெருவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் தன் பழைய கடைக் கட்டடத்தை இடித்துப் புதியது கட்ட முனைந்தபோது இவ்வாதமே மையப் பொருளாயிற்று. புதிய கட்டடம் நாள்தோறும் குறைந்த ஆற்றலையே செலவிடும் என்றனர் ஒரு சாரார். அதைக் கட்டி முடிப்பதற்குள் வெளியேறும் புகைக்கு யார் பொறுப்பு என்றனர் மறு சாரார். 2023இல் அமைச்சர் அனுமதி மறுத்தார். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அம்மறுப்பைச் செல்லாததாக்கியது. 2024 டிசம்பரில் புதிய அரசு இசைவளித்தது. இடிக்க விரும்பியவரே வென்றனர். எனினும் இடிப்பவர் தம் செயலுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்னும் நிலை தோன்றியதே பெரிய மாற்றம்.

நம் நாட்டில் அந்நிலை இன்னும் கனியவில்லை. தில்லிப் பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' மண்டபம் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் உருவாக்கியது. இரும்பு அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலம் அது. ஆகவே உலகில் பிறர் இரும்பால் செய்யும் முக்கோணச் சட்டகத்தை நம் தொழிலாளர் கையால் கான்கிரீட்டில் வார்த்தெடுத்தனர். அறுபது ஆண்டு நிறையாதவை மரபுச் சின்னமாகக் கருதப்படா என்று சொல்லப்பட்டது. 2017 ஏப்ரலில் ஓரிரவில் அது இடிக்கப்பட்டது. வறுமையையே வலிமையாக்கிக் காட்டிய ஒரு தலைமுறையின் கைவண்ணம், வயது போதவில்லை என்னும் காரணத்தால் மறைந்தது.

இடியாமை மட்டுமே அறமாகுமா?

இவ்வளவும் கூறியபின், எதிர்ப்புறத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். ஜப்பானில் ஈசே என்னும் ஊரின் கோவிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அருகிலுள்ள இடத்தில் அதே வடிவில் புதிதாக எழுப்பிவிட்டு, பழையதைப் பிரித்துவிடுகின்றனர். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வழக்கம் 2013இல் 62ஆம் முறையாக நிறைவேறியது. பழைய மரங்கள் நாட்டின் பிற கோவில்களுக்குச் செல்கின்றன. தச்சரின் கைத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. அங்கே பிரித்தெடுப்பதே பேணுதலாக நிற்கிறது.

இடிக்காமல் புதுப்பித்ததனால் நேர்ந்த கொடுமையும் உண்டு. இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் 24 மாடிகள் கொண்ட ஏழைகளின் குடியிருப்பு. 2016இல் அதனைப் புதுப்பித்து முடித்தனர். வெளிப்புறத்தில் பொருத்திய அலுமினியப் பலகைகளின் உட்பகுதி எளிதில் தீப்பற்றும் பிளாஸ்டிக். சிக்கனம் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் அது. 2017 ஜூன் 14 அன்று அதிகாலையில் மூண்ட தீ அப்பலகைகளின் வழியே ஏறிக் கோபுரத்தைச் சூழ்ந்தது. 72 பேர் மாண்டனர். அங்கு குடியிருந்தோர் சிலர் தீப்பாதுகாப்பைக் குறித்து முன்னரே எச்சரித்திருந்தனர். அவர்கள் தொல்லை தருவோராகவே நோக்கப்பட்டனர். அத்தனை இறப்புகளும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024 செப்டம்பரில் விசாரணைக் குழுவின் தலைவர் அறிவித்தார்.

போர்தோவிலும் கோபுரம் இடிக்கப்படவில்லை, கிரென்ஃபெல்லிலும் இடிக்கப்படவில்லை. இரண்டிலும் பழைய சுவர்மேல் புதிய போர்வை போர்த்தப்பட்டது. ஒன்று வாழ்வாயிற்று, மற்றொன்று சாவாயிற்று. பொருளிலும் விதிகளிலும் வேறுபாடு இருந்தது உண்மையே. அவற்றிற்கு அடியில் மற்றொரு வேறுபாடும் கிடந்தது. ஓரிடத்தில் உள்ளே வாழ்ந்தவர்களின் சொல் கேட்கப்பட்டது. மற்றோரிடத்தில் அது புறந்தள்ளப்பட்டது. ஆகவே நம் வினாவையே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடிப்பதா, காப்பதா என்பதற்கு முன்பாக, யாருடைய சொல்லைக் கேட்டு முடிவு செய்கிறோம் என்பது வருகிறது.

அத்திமரத்தடியில்

லூக்கா நற்செய்தியில் கனி தராத அத்திமரத்தின் உவமை ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகள் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் அதை வெட்டிவிடச் சொல்கிறார். நிலத்தை அது வீணே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கூறும் காரணம். இடத்தின் மதிப்பைக் கொண்டு இருப்பதை அளக்கும் இக்காரணத்தை இன்றைய நில வணிகர் வாயிலும் நாம் அன்றாடம் கேட்கிறோம். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சும்மா விட்டு வைப்பதற்காக அவர் தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுவதற்காகக் கேட்கிறார். அதன் பின்னும் பயனில்லையெனில் வெட்டிவிடலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார்.

இவ்வுவமை மனந்திரும்புதலைக் குறித்தது என்பதை நாம் அறிவோம். ஆயினும் அத்தோட்டக்காரரின் உள்ளப்பாங்கு எத்தொழிலுக்கும் பொருந்தும். அவர் பழமைப் பித்தர் அல்லர். மரத்தை நாள்தோறும் கண்டவர். உரிமையாளர் ஆண்டுக்கொரு முறை வந்து கனியை எண்ணுகிறார். தோட்டக்காரர் வேரை அறிந்திருக்கிறார். வெட்டுவதா என்னும் தீர்ப்பை வழங்கும் தகுதி, முதலில் கொத்தி எருவிட்டவருக்கே உண்டு என்பதே அவர் நமக்குக் கற்பிக்கும் நெறி.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில் கட்டடங்களையும் நகரங்களையும் குறித்துப் பேசியிருக்கிறார். வடிவமைப்பின் அழகைவிட அங்கு வாழும் மக்களின் வாழ்வுக்குத் துணைசெய்யும் அழகு மேலானது என்பது அவர் கருத்து. சேரிகளைத் துடைத்தெறிந்து மக்களை அகற்றுவதைவிட, இயன்றவரை அங்கேயே மேம்படுத்துவது நன்று என்றும், இடம்பெயர்ப்பது தவிர்க்க முடியாதபோது முன்கூட்டியே அறிவித்து, தகுந்த வீடுகளைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளித்து, அம்மக்களையும் முடிவில் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய கண்ணகி நகருக்கும், பின்னர் எழுந்த பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. கான்கிரீட்டு வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்குச் சென்ற தெருவும் பிள்ளைகள் படித்த பள்ளியும் தொலைவாயின.

நம் ஆலயங்கள்

இவ்வினா நம் பங்குகளின் வாயிற்படிக்கும் வந்து நிற்கிறது. நூற்றாண்டு கண்ட ஆலயங்கள் பல நம் கண்முன்னே இடிக்கப்பட்டுப் பெரிய கான்கிரீட்டு ஆலயங்கள் எழுந்துள்ளன. இதைச் செய்தவர்களின் எண்ணத்தில் குறை காண நாம் முற்படவில்லை. குடும்பங்கள் பெருகிவிட்டன, ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் வெயிலில் நிற்கின்றனர், கூரை ஒழுகுகிறது, வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் தாராளமாகக் கொடுக்க முன்வருகின்றனர். இவையெல்லாம் உண்மையான காரணங்களே.

எனினும், சுற்றிலும் கொத்திப் பார்த்தோமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக் காரையால் எழுந்த பழஞ்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் சுவர் பொரியத் தொடங்கும். பூசியவர் நாமே, சுவர் கெட்டுவிட்டது என்று சொல்பவரும் நாமே. மாற்ற வேண்டிய ஓடுகளையும் மரச்சட்டங்களையும் மாற்றினால் கூரை இன்னுமொரு தலைமுறைக்கு நிற்குமா என்று, மரபுக் கட்டுமானம் அறிந்த ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தோமா? இடம் போதவில்லையெனில், போர்தோவில் செய்தது போலப் பழைய ஆலயத்தை நடுவில் நிறுத்தி, இருபுறமும் தூண் தாழ்வாரங்களைக் கூட்ட இயலுமா என்று வரைந்து பார்த்தோமா?

அவ்வாலயத்தை எழுப்பியவர்கள் யார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பிடியரிசி சேர்த்துக் கொடுத்த தாய்மார்கள், கூலியின்றிக் கல் சுமந்த ஏழை உழவர்கள் ஆகியோரின் பெயர்கள் அடிக்கல்லில் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற கையொப்பம் அச்சுவர்களே. புதிய கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக இடம் பெறும்போது, பெயரற்ற அவர்களின் ஒரே நினைவுச்சின்னம் லாரிகளில் ஏற்றப்பட்டுப் பள்ளங்களை நிரப்பப் போய்விடுகிறது.

ஆராய்ந்த பின்னும் கூரை உயிருக்கு ஊறு செய்யும் என்று தெரிந்தால், இடிக்கத் தயங்கக்கூடாது. கல்லைக் காக்க மனிதரைப் பலி கொடுப்பது இறைவனுக்கு உகந்ததன்று. அப்போதும் ஈசே மரபினரைப் போலப் பழைய கதவையும் பீடத்தையும் தேக்குச் சட்டங்களையும் புதியதில் பொருத்தி, தொடர்ச்சி அறுபடாமல் காத்தல் இயலும்.

யூபிலி ஆண்டு நெருங்குகையில் பல பங்குகளில் கூட்டம் கூடும். வரைபடங்கள் மேசைமேல் விரிக்கப்படும். அந்நாளுக்கு முன்னர், பங்குப் பேரவையினர் ஒரு மாலைப் பொழுதை அப்பழைய ஆலயத்தில் அமர்ந்து கழிக்கட்டும். அங்கே நாள்தோறும் வந்து செபமாலை சொல்லும் மூதாட்டியிடமும், வாசலில் நிற்க நேரும் இளந்தாயிடமும், மணியடிக்கும் உபதேசியாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கட்டும். அவர்கள் புதிய ஆலயமே வேண்டும் எனக் கூறவும் கூடும். ஓட்டை மாற்றி, மின்விசிறி நான்கு கூடுதலாகப் பொருத்தினால் போதும் எனக் கூறவும் கூடும். எதைச் சொன்னாலும், கேட்டபின் எடுக்கும் முடிவு கேளாமல் எடுக்கும் முடிவினின்று வேறானது. தோட்டக்காரர் கேட்டது ஓராண்டுத் தவணை. நாம் ஒரு மாலைப் பொழுதையேனும் தர மறுக்கலாமா?